வாய்க்கால் பாய்ச்சலா, சொட்டு நீரா: செயற்கைக்கோளை இடத்தில் நிறுத்த எது தேவலை?

கோபியில் கேபிள் நடத்தும் மாமா ஒரு நாள் மொட்டைமாடி டிஷ்ஷைக் காட்டிக் கேட்டார்: “ஏனுங் மாப்ள, இது பாக்குற செயற்கைக்கோளு ஒரே எடத்துல தானுங் நிக்குது. அப்பறம் எதுக்குங் அதுக்கு எரிபொருளு?”

நிற்கவில்லை. 35,786 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, பூமியும் அதே கணக்கில் சுழல்வதால் நமக்கு நிற்பதாகத் தெரிகிறது. கவனிக்காமல் விட்டால் இரண்டு விதமாக நழுவும். பூமியின் நடுக்கோடு சரியான வட்டம் இல்லாததால் கிழக்கு மேற்காக ஒரு நகர்வு. சூரியனும் நிலாவும் இழுப்பதால் பாதையே ஆண்டுக்கு முக்கால் பாகைக்கு மேல் சாய்ந்து, வடக்கு தெற்காக ஓர் ஆட்டம்.

முதல் நழுவலில் நமக்கு யோகம். 75 பாகை கிழக்கில் ஒரு பள்ளம் மாதிரியான இடம் இருக்கிறது. கோவையின் தீர்க்கரேகைக்கு இரண்டே பாகை மேற்கே. கைவிட்ட செயற்கைக்கோள்கூட அதைச் சுற்றித்தான் ஊசலாடும். அதனால் 74 பாகையில் நிற்கும் கோளுக்கு இந்தச் செலவு அற்பம். இரண்டாவதுதான் தொட்டியைக் காலி செய்வது: ஓர் ஆண்டில் மொத்தமாக நொடிக்கு 50 மீட்டர் அளவுக்கு வேகத்தைத் திருத்த வேண்டும்.

மாமாவுக்குத் தென்னந்தோப்பும் உண்டு என்பதால் அவர் பாஷையிலேயே சொன்னேன்.

ரசாயன உந்துபொறி, மடையைத் திறந்துவிடும் வாய்க்கால் பாய்ச்சல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் எரித்தால் போதும், வேலை முடிந்தது. ஆனால் 2,000 கிலோ கோளுக்கு ஆண்டுக்கு 35 கிலோ எரிபொருள் போகும். பதினைந்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டால், ஏவும்போதே 500 கிலோ சுமக்க வேண்டும்.

மின் உந்துபொறி, சொட்டு நீர். செனான் வாயுவை மின்னாற்றலால் அயனியாக்கி, பல மடங்கு வேகத்தில் பின்னால் தள்ளும். அதே வேலைக்கு ஆண்டுக்கு ஆறேழு கிலோ! ஆனால் தள்ளும் விசை, உள்ளங்கையில் வைத்த எட்டு கிராம் நகையின் கனம்தான். ஆகவே தினமும் சுமார் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு மேல் மின்சாரமும் கேட்கும். மார்ச், செப்டம்பர் வாக்கில் கோள் தினமும் 72 நிமிடம் வரை பூமி நிழலுக்குள் போகுமே, அந்த நேரம் பார்த்து ஓட்டக் கூடாது. அவசரத்துக்கும் உதவாது. 2015 மார்ச்சில் போன, முழுக்க மின்விசையில் இயங்கும் ஏபிஎஸ்-3ஏ என்ற செயற்கைக்கோள் இடம் போய்ச் சேர்ந்து வேலை தொடங்கவே ஆறு மாதம் ஆனது.

இஸ்ரோ 2017 மே 5-இல் அனுப்பிய ஜிசாட்-9 செயற்கைக்கோள் எடுத்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உயரே ஏற ரசாயனம், 48 பாகை கிழக்கில் போய் நின்ற பிறகு இடம் பிசகாமல் இருக்கச் செனான். தோப்பு வைக்கும்போது குழி நிறைய ஊற்றிவிட்டு, பிறகு சொட்டுக்கு மாறுகிறோமே, அதே கணக்கு.

மூன்றாவது வழியும் உண்டு: வடக்கு தெற்கு ஆட்டத்தை ஆடட்டும் என்று விட்டுவிட்டு, கிழக்கு மேற்கை மட்டும் பிடிப்பது. ஆயுள் முடியப்போகும் கோள்களுக்கு இப்படிச் சில ஆண்டுகள் கூடக் கிடைக்கும். கடைசியில் 300 கி.மீ. மேலே ஏற்றி ஒதுக்கிவிடுவதற்கும் கொஞ்சம் எரிபொருள் மிஞ்சும். கப்பலில் ஆன்டெனா தானாகவே தேடித் திரும்புவதால் அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் ஐந்து ஆண்டில் நாலு பாகை சாய்ந்த கோள், கீழிருந்து பார்த்தால் தினமும் வானத்தில் ஒரு நீட்டு எட்டுப் போடும். மாமாவின் 12 அடி சி-பேண்ட் அலைவரிசை டிஷ்ஷின் பார்வை அகலமோ ஒன்றரை பாகைதான்.

“அப்ப டிஷ்ஷுக்கு மோட்டார் வெச்சு நான் ஆட்டோணுமாக்கும்?” என்றார். “அவிங்களே மேல சொட்டு விட்டுக்கட்டுங்.”