முழு சிக்னல், பாதி முகவரி: ரேடியோ ஸ்கேனருடன் நான்கு வருடம்

பழுது பார்க்கப் போன ஸ்கேனர் பதினேழு நாள் கழித்து நேற்று மாலை வீடு திரும்பியது. சார்ஜர் செருகும் துளை உள்ளே கழன்று ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக ஈயப்பற்று வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வேலை சுத்தம், அதில் குறையில்லை. பின்மூடியைத் திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணியை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

அதே மாலை நண்பர் ஒருவர் கேட்டார்: "தீயணைப்பு வண்டிங்க பேசுறதைக் கேட்கிறதுக்கு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அந்த மாடல் விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி வேறு மாதிரி எழுதினேன், அதையும் அழித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளம்.

எத்தனை சேனல் பிடிக்கும், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட ரேடியோக் கருவியைக் கையில் வைத்திருப்பதே சிக்கல். பிரிட்டனில் கடையில் வாங்கலாம். ஆனால் அவசர சேவைகளின் பேச்சை அனுமதியின்றிக் கேட்பது 2006-ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டப்படி குற்றம். நான் இருக்கும் இடத்தில் கேட்பதற்குத் தடையில்லை. அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

சரி, எரிச்சலுக்கு வருவோம்.

நான்கு வருடமாக இந்தக் கருவி என்னிடமிருந்து ஒரே ஒரு வார்த்தையைத்தான் மறைக்கிறது. தெருவின் பெயர். "மூன்று மாடிக் கட்டடம், இரண்டாவது மாடியில் புகை, உள்ளே ஆட்கள் இருக்கலாம்" என்பது வரை மணிமணியாக வரும். அப்புறம் முகவரி. அங்கே மட்டும் தண்ணீருக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல ஒரு கொளகொளப்பு, இரண்டு கீச்சு, கொஞ்சம் மௌனம். பிறகு "...தெரு, நேரம் 19:42" என்று தெளிவாக முடியும். இத்தனைக்கும் திரையில் சிக்னல் கோடுகள் ஐந்தும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அந்தக் கோடுகளைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும்.

முதல் வருடம் முழுக்க ஆன்டெனாவைத்தான் சந்தேகப்பட்டேன். நீளமான ஒன்று வாங்கினேன், மோசமானது. அதை மாடியில் ஏற்றினேன், இன்னும் மோசம். ஒருநாள் ஆத்திரத்தில் ஆன்டெனாவையே கழற்றி மேஜையில் போட்டேன். கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல் பளிங்குபோல வந்தது. எனக்குப் பயமே வந்துவிட்டது.

இதற்கு சைமல்காஸ்ட் தொல்லை என்று பெயர். ஒரு பகுதி முழுவதையும் ஒரே டவரால் எட்ட முடியாது என்பதால் நான்கைந்து டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே கணத்தில் அனுப்புகின்றன. ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்து எல்லாம் ஒன்றாகத் தாளம் போடுகின்றன. கிளம்பும்போது தாளம் சரிதான், வந்து சேரும்போதுதான் தப்புகிறது. ஒரு டவரைவிட இன்னொன்று பத்து கிலோமீட்டர் அதிக தூரத்தில் இருந்தால் அதன் அலை சுமார் 33 மைக்ரோ விநாடி பிந்தி வரும். இங்கே புழங்கும் பி25 டிஜிட்டல் முறையில் விநாடிக்கு 4800 குறியீடுகள். ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 208 மைக்ரோ விநாடி. அதில் ஆறில் ஒரு பங்கு நேரம் பழைய குறியீடும் புதிய குறியீடும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு டவரின் வலிமையும் சமமாக இருந்துவிட்டால் ஒன்றையொன்று அழித்தும்விடும். இரண்டு தெருமுனை ஒலிபெருக்கிகளில் ஒரே பாட்டு ஓடும்போது நடுவில் நிற்பவர் காதுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான். தீயணைப்பு வீரர் கையில் இருக்கும் ரேடியோ இதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. என்னுடையது அலைவரிசை எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டும் பார்த்து எண்களை ஊகிக்கும் பழைய ரகம். ஊகம் தப்பினால் அது வெட்கப்படுவதும் இல்லை, ஐந்து கோடுகளைக் காட்டிக்கொண்டு கம்மென்று இருக்கும்.

ஆக, சிக்னல் போதாததல்ல, மிதமிஞ்சிப் போவதுதான் இங்கே நோய். ஒரு டவரைத் தவிர மற்றவற்றை மறைப்பதுதான் மருந்து. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்த்தேன். கடைசியில் கிடைத்த இடம், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. இரும்பு உடம்பு கிழக்கு டவரை மறைத்துவிடுகிறது. மூன்று வருடமாக ஸ்கேனரின் குடியிருப்பு அதுதான். அதிலும் ஒரு வேடிக்கை. என் மனைவி அடுப்படியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்றால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஒருமுறை தெரியாத்தனமாக "அசையாதே, அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் நான்தான் சமைத்தேன்.

நியாயமாகப் பார்த்தால் கருவியை மட்டும் திட்ட முடியாது. இது வடிவமைக்கப்பட்டபோது இவ்வளவு டவர்கள் ஒன்றாகக் கத்தும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2018-ல் யூனிடன் நிறுவனத்தின் எஸ்டிஎஸ்100 என்று ஒன்று வந்தது. இந்தத் தொல்லைக்காகவே உள்ளே வேறு மாதிரி ரிசீவர் வைத்த கையடக்க ஸ்கேனர் அது. அப்படி ஒன்று சாத்தியம் என்று தெரிந்த பிறகும் பழைய ரகத்தின் பெட்டியில் "டிஜிட்டல் அவசர சேவைகளைத் தெளிவாகக் கேளுங்கள்" என்று அச்சடித்து விற்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாஸ்டனில் 1852-லேயே தந்தி மூலம் தீ எச்சரிக்கை வந்துவிட்டது. தெருமுனைப் பெட்டியின் எண்ணை மணி அடித்துச் சொல்லும். அடிகளை எண்ணிப் பட்டியலைப் பார்த்தால் எந்தப் பெட்டி என்று தெரிந்துவிடும். நூற்றெழுபது வருடத்துக்கு முந்தைய ஆட்களுக்கு இடம் முழுசாகத் தெரிந்தது. எனக்கு "...தெரு".

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் வைத்திருக்கிறேன்? கட்டுப்பாட்டு அறை வண்டிகளை அனுப்பும் சேனல்தான் டிஜிட்டல். வண்டிகள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உள்ளே நுழைபவர்கள் பேசிக்கொள்வது எங்கள் பகுதியில் இன்னும் பழைய அனலாக்கில், டவரே இல்லாமல் ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேராக. இது சோம்பேறித்தனம் இல்லை. டிஜிட்டல் முறை மனிதக் குரல் எப்படி இருக்கும் என்ற ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பேச்சைச் சுருக்குகிறது. பக்கத்தில் ரம்பம் ஓடினாலோ, காற்று தீரப்போகிறது என்று முகமூடி மணியடித்தாலோ அதையும் குரல் என்று நினைத்துக் கரைத்துக் கூழாக்கிவிடும். 2008-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தபோது சில வகை இரைச்சலில் அனலாக்தான் நன்றாகப் புரிந்தது. அனலாக்கில் இரைச்சல் இரைச்சலாகவே வரும், குரல் அதன்மேல் மிதக்கும்.

அந்தச் சேனலில் இந்தக் கருவியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்படி ஒரு காது. பம்பை இயக்குபவர் பேசும்போது பின்னால் என்ஜின் சுருதி ஏறுவது கேட்கும். அழுத்தத்தைக் கூட்டுகிறார் என்று இப்போது எனக்கு அவர் சொல்லாமலே தெரியும். முகமூடிக்குள் இழுக்கும் மூச்சு கேட்கும். பெரிய வண்டி என்று நாம் வாய்பிளக்கும் வண்டியில் பெரும்பாலும் இருப்பது சுமார் 1900 லிட்டர் தண்ணீர்தான். வீரர் கையில் பிடிக்கும் ஒரு குழாயே நிமிடத்துக்கு 570 லிட்டர்வரை குடித்துவிடும். மூன்றரை நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் தெருவில் இருக்கும் தீயணைப்புக் குழாயிலிருந்து இணைப்பு வந்தாக வேண்டும். "பாதித் தொட்டி" என்று ஒரு குரல். "கால் தொட்டி" என்று அதே குரல், கொஞ்சம் வேகமாக. பிறகு "தண்ணீர் வந்துவிட்டது". இந்த மூன்று வாக்கியங்களுக்கு நடுவே ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றபடி நான் மூச்சுவிட மறந்த நாட்கள் உண்டு.

சென்ற வருடம் ஒரு கிடங்குத் தீ. உள்ளே இருந்த ஒருவரின் அசைவுக் கருவி அலறத் தொடங்கியது. வீரர் 30 விநாடிபோல அசையாமல் இருந்தால் தானே கத்தும் கருவி அது. யாரோ பேசுவதற்காக ரேடியோ பொத்தானை அமுக்கியபோது அந்தக் கிறீச்சொலி பின்னணியில் வந்தது. தலைவர் எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு குழுவாக அழைத்து எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு, இரண்டு, மூன்று. நான்காவது குழு பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார். "இரண்டு பேரும் நல்லா இருக்கோம். குழாயைப் பிடிச்சுக்கிட்டு ஒரே இடத்தில் நின்னுட்டேன், அதான் கத்திடுச்சு" என்றது ஒரு குரல். தலைவர் "சரி" என்றார், அவ்வளவுதான். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆரம்பத்தில் இடத்துக்கே போய்ப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. இந்தப் பித்து எனக்கு மட்டும் இல்லை. பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவின் நடத்துநராக இருந்த ஆர்தர் ஃபீட்லர் தீயணைப்பு வண்டிகளின் பின்னால் போவதில் பேர்பெற்றவர். ஆனால் ஒருநாள் குழாய் இழுக்க வேண்டிய பாதையில் என் கார் நின்றுகொண்டிருந்தது. யாரும் திட்டவில்லை. ஒருவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அதோடு விட்டேன். இப்போது கேட்பது மட்டும்தான்.

இன்னொரு வருத்தம் கருவியுடையது அல்ல. பக்கத்துப் பகுதியில் எல்லாச் சேனலையும் ஏஇஎஸ்-256 குறியாக்கத்தால் பூட்டிவிட்டார்கள். இதை எந்த ஸ்கேனரும் திறக்காது, விலை எவ்வளவானாலும். தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு மருத்துவ உதவிக்கானவை. யாருடைய வீட்டில் யாருக்கு நெஞ்சுவலி என்பது என் காதுக்குத் தேவையில்லாத விஷயம். அதைப் பூட்டியது சரி. தீயையும் சேர்த்துப் பூட்டியதுதான்... விடுங்கள், இதைப் பேசினால் நிறுத்த மாட்டேன்.

ஸ்கேனர் இல்லாத பதினேழு நாளும் போனில் ஒரு செயலி வழியாகக் கேட்டேன். யாரோ ஒரு புண்ணியவான், நல்ல ஸ்கேனரை நல்ல இடத்தில் வைத்து இணையத்தில் ஒலிபரப்புகிறார். தெருப்பெயர் முழுசாக வந்தது! முதல் நாள் குதித்தேன். ஆனால் எல்லாம் அரை நிமிடம், ஒரு நிமிடம் பிந்தி வரும். சைரன் எங்கள் சாலையைக் கடந்து தேய்ந்து மறைந்த பிறகு போன் "கட்டடத் தீ" என்று ஆரம்பிக்கும். முடிந்துபோன ஆட்டத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. தீ நடக்கும் இடத்தின் அனலாக் பேச்சு, முகமூடி மூச்சு எதுவும் அதில் இல்லை, வண்டிகளை அனுப்பும் சேனல் மட்டும்தான். மூன்றாவது நாளே கடைக்குப் போன் செய்து "ஆச்சா?" என்று கேட்டேன். அப்புறம் தினமும் கேட்டேன். திருகாணியை வைத்துக்கொண்டது அதற்குப் பழிவாங்கத்தானோ என்னவோ.

நேற்று இரவு இடுக்கில் வைத்து இயக்கினேன். அரை மணி நேரம் சும்மா இருந்தது. பிறகு: "இரண்டு மாடி வீடு, சமையலறையில் தீ, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்." நல்ல செய்தி. "இடம்..." கொளகொள. கீச். "...தெரு."

நண்பருக்கு என் பதில் இதுதான்: வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியானாலும் வாங்காதீர்கள். உங்கள் பகுதியில் ஒரே டவர் என்றால்கூட யோசியுங்கள், நாளைக்கே நான்கு ஆக்கிவிடுவார்கள். காசு சேர்த்துப் புது ரகம் வாங்குங்கள், இல்லை அந்தப் புண்ணியவானின் ஒலிபரப்பைக் கேளுங்கள். இதைச் சொன்னதும் அவர், "அப்ப உங்களுடையதைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கப் போறீங்களா?" என்றார். பேச்சை மாற்றினேன். பின்மூடியின் இடது மூலை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாளைக் காலை கடை திறந்ததும் போய் அந்தத் திருகாணியைக் கேட்க வேண்டும்.