ரிலாக்சரா, பின்னலா, விக்கா, சொந்தச் சுருளா?

"நேத்து தலையைச் சொறிஞ்சியா?"

நியூவார்க் வீட்டுக்குக் குடிபோன இரண்டாவது சனிக்கிழமை, என் கறுப்பின அறைத்தோழியிடம் அவள் அம்மா கேட்ட கேள்வி இது. அடுப்படியில் ஒரு மர நாற்காலி, அதில் தோளில் பழைய துண்டோடு அவள். காதுமடல், நெற்றியோரம், பிடரி எல்லா இடத்திலும் வாசலின் பூசிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, டப்பாவிலிருந்து வெள்ளைக் கிரீமை எடுத்து வேரோரமாகத் தடவத் தொடங்கினார் அம்மா. நெடி மூக்கைக் குத்தியது. சொறிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நகம் பட்ட இடமெல்லாம் எரியும்" என்றாள் தோழி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

சுருள்முடியை நேராக்குகிற அந்தக் கிரீமின் பெயர் ரிலாக்சர். இது நடந்தது 2018-ல். அதற்கப்புறம் நான்கு வருடத்தில் பின்னல், விக், சொந்தச் சுருள் என்று அவள் தலை மாறிக்கொண்டே போனதை ஒரே வீட்டில் இருந்து பார்த்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கூந்தலைப் பற்றித் தமிழில் வருவதெல்லாம் பெரும்பாலும் 'இயற்கை அழகுக்குத் திரும்புகிறார்கள்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கிட்டத்தில் பார்த்தால் அவ்வளவு லேசில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, தலைத்தோலுக்கு என்ன கேடு, வேலையிடத்தில் யார் முகம் சுளிப்பார்கள் என்ற நான்கு கணக்கையும் சேர்த்துப் போட்டுத்தான் ஒவ்வொருத்தியும் முடிவெடுக்கிறாள்.

முதலில் ரிலாக்சர். இதன் அடிப்படை சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. சோப்புக் காய்ச்சுகிற அதே காரம். ஆங்கிலத்தில் அதை 'லை' என்பார்கள். 'லை இல்லாதது' என்று விற்பதில் அதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு வகைக் காரம் இருக்கும். எதுவானாலும் கடும் காரம்தான், பிஎச் அளவு 12-க்கு மேலே. முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடுவதால் சுருள் நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்ந்த முடி மறுபடி சுருளாது. ஆனால் வேரில் புதிதாக முளைப்பது சுருளாகத்தானே முளைக்கும்? அதனால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அந்த நாற்காலி. எரிய ஆரம்பித்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் சீக்கிரம் கழுவினால் சரியாக நேராகாது. எனவே பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்கிறார்கள். தோழிக்கு முதல்முறை போட்டது எட்டு வயதில், ஈஸ்டருக்கு முந்தின வாரம். அவர்களுக்குள் இதற்கு 'கிரீமி கிராக்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கிராக் போதைமருந்து மாதிரி, தொட்டால் விட முடியாது என்ற கிண்டல்.

ரிலாக்சருக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. காலையில் பத்து நிமிடத்தில் தலை வாரி வேலைக்குக் கிளம்பிவிடலாம். அதைவிட முக்கியம், அந்தத் தலையைப் பார்த்து அலுவலகத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. இந்த இரண்டாவது சௌகரியத்தைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். 2010-ல் அலபாமாவின் மொபீல் நகரத்தில் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு ஒரு நிறுவனம் வேலை கொடுத்துவிட்டு, சடைமுடியை (டிரெட்லாக்ஸ்) வெட்டிக்கொண்டு வா என்றது. அவர் மறுத்தார். வேலை போயிற்று. வழக்கு நடந்து, 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இனத்தை மாற்ற முடியாது, முடியலங்காரத்தை மாற்றலாமே என்பது அதன் வாதம். கலிபோர்னியா 2019 ஜூலையில் 'கிரவுன்' சட்டத்தைக் கொண்டுவந்து இந்த ஓட்டையை அடைத்தது. அதே டிசம்பரில் எங்கள் நியூஜெர்சியும் அடைத்தது. நாடு முழுமைக்குமான மசோதா 2022 மார்ச்சில் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது.

கூந்தலுக்கு அரசாங்கம் ஆணை போடுவது அங்கே புதிதும் இல்லை. 1786-லேயே, ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆளுநர் மிரோ சுதந்திரமான கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் வண்ணத் துணியில் அழகழகாக முண்டாசு கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த பதிலடி அது.

ரிலாக்சர் கணக்கில் எடை கூடியது 2022 அக்டோபரில். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 35-இலிருந்து 74 வயதுக்குட்பட்ட 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருடம் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். முடி நேராக்கும் ரசாயனங்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம். ஒரு வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் போட்டுக்கொண்டவர்களுக்கு 4.05 சதவீதம். எந்தக் கம்பெனிச் சரக்கு, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரத்தை அவர்கள் சேகரிக்கவில்லை. இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்லவும் இல்லை. ஆனாலும் எட்டு வயதில் ஆரம்பித்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்கிறவள் எந்தப் பக்கத்தில் வருவாள் என்பதற்குப் பெரிய கணக்குத் தேவையில்லை.

தோழி ரிலாக்சரை விட்டது இந்த ஆய்வால் அல்ல, கொரோனாவால். 2020 மார்ச்சில் நியூஜெர்சியில் சலூன்களை மூடினார்கள், ஜூன் கடைசியில்தான் திறந்தார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கோவிட் வார்டில் வேலை பார்க்கிறவள் அவரை வீட்டுக்குக் கூப்பிட முடியாது. வேரில் மூன்று விரல் அகலத்துக்குச் சுருள், அதற்குக் கீழே நேர்முடி. இரண்டும் சேரும் இடம்தான் பலவீனம். சீப்பு பட்டால் அங்கே பொட்டென்று முறியும். அதை மறைக்கப் பின்னலுக்குப் போனாள்.

பின்னல் கடை நடத்துகிறவர்களில் செனகல், மாலி, ஐவரி கோஸ்ட் பெண்கள் நிறைய. ஹார்லெமில் 125-ஆவது தெருவில் நடந்து போனாலே "பின்னணுமா?" என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை கூடப் போனேன். இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் நின்று பின்னினார்கள், டிவியில் ஏதோ பிரெஞ்சுத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறரை மணி நேரம். கடைசியில் ஒரு பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து பின்னல் நுனிகளை முக்கி எடுத்தார்கள். சொந்த முடியோடு சேர்த்துப் பின்னுவது செயற்கை இழை என்பதால் வெந்நீர் பட்டதும் நுனி இறுகிவிடுமாம். 280 டாலர், டிப்ஸ் தனி. ஆனால் அதற்கப்புறம் ஏழு வாரத்துக்கு அவள் தலையைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரவு வேலை பார்க்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று நேரில் பார்த்தேன்.

கெடுதல் இரண்டு. இழுத்துப் பின்னினால் நெற்றியோர முடி கொட்டும். 'எட்ஜஸ்' போய்விட்டது என்பார்கள். தொடர்ந்து அப்படியே பின்னினால் அந்த இடம் நிரந்தர வழுக்கையாகிவிடலாம். முடிச்சு இல்லாமல் சொந்த முடியில் தொடங்கி இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிற 'நாட்லெஸ்' முறையில் பாரம் குறைவு, கூலி அதிகம். இன்னொன்று அந்த இழையே. தோழி வாங்கி வந்ததும் ஒரு இரவு வினிகர் தண்ணீரில் ஊறப்போடுவாள், இல்லாவிட்டால் தலை அரிக்கும் என்று. 2025-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 10 வகை செயற்கை இழைகளைச் சோதித்துப் பார்த்ததில் 9-ல் ஈயம் இருந்தது. ரிலாக்சரை விட்டாலும் ரசாயனம் விட்டபாடில்லை.

விக்குக்கு வருவோம், நம்மூர் பாஷையில் டோப்பா. சொந்த முடியை வரிசை வரிசையாகத் தலையோடு ஒட்டிப் பின்னி அதன்மேல் தைத்துவிட்டால் 'வீவ்', கிட்டத்தட்ட நம் சவுரி. காலையில் மாட்டி இரவில் கழற்றி வைக்கலாம் என்பதில் விக்கை அடிக்க ஆளில்லை. விக் போடுகிறவள் தன்னை மறைத்துக்கொள்கிறாள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்றைக்குக் கழுத்தளவு 'பாப்', நாளைக்கு இடுப்புவரை என்று அதை நகை மாதிரி மாற்றிப் போட்டு அனுபவிக்கிறார்கள். உள்ளே இருக்கும் முடி அந்த நேரத்தில் ஓய்வெடுக்கிறது. பசையும் இறுக்கமான பட்டையும் நெற்றியோரத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நல்ல மனித முடி என்றால் பல நூறு டாலர்.

அவள் வாங்கிய பெட்டியில் 'பிரேசிலியன்' என்று போட்டிருந்தது. பல நேரம் அது ஸ்டைலின் பெயர், ஊரின் பெயர் அல்ல. உலகச் சந்தைக்கு மனித முடி போகிற பெரிய வழிகளில் ஒன்று நம் கோயில்கள். திருமலைக் கல்யாணக்கட்டாவில் மழித்த முடியைத் தேவஸ்தானம் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. பழனி, திருத்தணி முடியும் ஏலத்துக்குத்தான் போகிறது. சென்னை ஏற்றுமதியாளர்கள் வாங்கிச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். ஒரே தலையிலிருந்து ஒரே வீச்சில் எடுத்தது, வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும், அதனால் சிக்காது. அதற்கு 'ரெமி' என்று பெயர், விலையும் அதற்கேற்ப. தெருவில் வந்து பாத்திரத்துக்கும் பலூனுக்கும் வாங்கிப் போவார்களே, அந்தச் சிக்குமுடி கீழ்த்தரம். இதையெல்லாம் சொல்லி, என் பாட்டி பழனியில் மூன்று தடவை மொட்டை போட்டவர் என்றும் சொன்னேன். "அப்போ உன் பாட்டி என் தலையில் இருக்கலாம்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாமிக்குக் கொடுத்ததை நான் போட்டுக்கிட்டா உன் பாட்டிக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டாள். பாட்டி கொடுத்ததோடு மறந்துவிட்டார் என்றேன். அது விற்பனைக்குப் போகும் என்று பாட்டிக்குத் தெரியுமா என்பது அப்போதுதான் எனக்கே தோன்றியது.

2021 ஜனவரியில் ஒரு புதன்கிழமை, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவள் பின்னலைப் பிரித்து, நேராக இருந்த பகுதியை எல்லாம் கத்தரித்துவிட்டாள். இதை 'பிக் சாப்' என்பார்கள். மிச்சமிருந்தது நான்கு விரல் நீளம். இழுத்துப் பிடித்தால் காதைத் தாண்டியது, விட்டால் சுருண்டு மண்டையோடு ஒட்டிக்கொண்டது. இருபது வருடமாகத் தன் முடி எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடி முன்னால் ஒரு சுருளை இழுப்பதும் விடுவதுமாக வெகுநேரம் நின்றாள்.

இயற்கை என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட முடியில் இறங்காது. நுனி எப்போதும் வறட்சிதான். தினமும் ஷாம்பு போட்டால் நாசம். எனவே ஞாயிற்றுக்கிழமை 'வாஷ் டே'. முதலில் எண்ணெய், ஒரு மணி நேரம் ஊறல். தலையை எட்டுப் பாகமாகப் பிரித்து கிளிப். கண்டிஷனர் சொட்டச் சொட்ட விரலால் சிக்கெடுத்து, அப்புறம் பெரிய பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து மேல்நோக்கி. அலசி, ஈரத்தோடு கிரீம், அதன்மேல் மறுபடி எண்ணெய், இரண்டிரண்டாக முறுக்கிக் காயவிடுதல். தூங்கும்போது சாட்டின் தொப்பி, ஏனென்றால் பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்றேன். "சாயங்காலம் வா" என்று பதில் வந்தது. வாஷ்பேசினுக்கு அடியில் பாதி காலியான டப்பாக்கள் பதினேழு இருந்தன. ரிலாக்சரைவிட இது மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கேயும் ஒரு படிநிலை உண்டு, அதுதான் எனக்கு எரிச்சல். அமெரிக்க டிவி பிரபலம் ஓப்ராவின் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் முடி வகைகளுக்கு 1 (நேர்முடி) முதல் 4 (இறுக்கச் சுருள்) வரை எண் கொடுத்தார். இயற்கைக் கூந்தல் விளம்பரங்களில் தோளில் தவழும் 3-ஆம் எண் சுருள்தான் அதிகம் சிரிக்கிறது. இறுக்கமான 4-ஆம் எண்காரி அதே கிரீமை வாங்கிப் பூசி, தன் தலை அப்படி ஆகவில்லையே என்று ஏங்குகிறாள். அந்த வகையில் 2019 டிசம்பர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தென்னாப்பிரிக்காவின் சோசிபினி துன்சி ஒட்ட வெட்டிய இறுக்கச் சுருளோடு போய் உலக அழகிப் போட்டிகளில் ஒன்றான மிஸ் யுனிவர்ஸ் பட்டத்தை வாங்கினார். தோள்வரை எதுவும் தவழவில்லை.

சடைமுடியைத் தோழி முயலவில்லை, அதனால் சுருக்கமாக. நமக்குச் சடை என்றால் சாமியாரும் அழுக்கும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல, ஒழுங்காகக் கழுவுகிறார்கள், வேரை முறுக்கிச் சீராக்குகிறார்கள். நாள்பட நேரமும் காசும் குறைவு. ஆனால் வேறு மாதிரி வேண்டுமென்றால் பெரும்பாலும் வெட்டத்தான் வேண்டும். அமெரிக்க ராணுவமே 2017-ல்தான் பெண்களுக்கு இதை அனுமதித்தது.

என் தீர்ப்பு? ரிலாக்சரை நான் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவேன். இரவு ஷிஃப்ட்டும் சின்னக் குழந்தைகளும் உள்ளவளுக்குத் தளர்வான பின்னல். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவளுக்குச் சடைமுடி, இல்லையென்றால் ஒட்ட வெட்டிய சுருள். சொந்தச் சுருளைப் பந்து மாதிரி விரித்துவிட்ட பெரிய ஆஃப்ரோ, ஞாயிற்றுக்கிழமைகளைத் தாரை வார்க்கத் தயாராக இருப்பவளுக்கு. விக் யாருக்கும், எப்போதும், கூடுதலாக.

2022 நவம்பரில், நான் வீடு மாறுவதற்கு முந்தின வாரம், தோழியின் அம்மா வந்தார். அந்தப் புற்றுநோய் ஆய்வுச் செய்தியை டிவியில் பார்த்திருக்கிறார். அறுபத்தெட்டு வயதில், அதே மர நாற்காலியில், அதே மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தோழி கத்தரிக்கோலை எடுத்தாள். "மெதுவா, எனக்கு மண்டை வலிக்கும்" என்றார். நேரான நரைமுடி எல்லாம் தரையில் விழுந்தபின் உள்ளே இருந்து வந்தது வெள்ளி நிறத்தில் குட்டிக் குட்டிச் சுருள். கையால் தடவிப் பார்த்துவிட்டு, "என் அம்மா தலை மாதிரியே இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அதன்மேல் விக் மாட்டிக்கொண்டுதான் போனார்.