கிளிநொச்சியில் ஒரு நாடகமும் அரங்கியலும் வகுப்பு: ஆறு மாதச் சனிக்கிழமைகள்

பாடசாலையில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாடகப் போட்டிகளில் நடித்தவள் நான். மாகாண மட்டம் வரை போயிருக்கிறேன். அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் எழுதிய உயர்தரப் பரீட்சையில் நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு எனக்குக் கிடைத்தது 'எஸ்', ஆகக் குறைந்த சித்தி. மே மாதக் கடைசியில் பெறுபேறு வந்த அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அந்த வருடம் நவம்பரில் மறுபடி எழுதுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். ஜூன் முதல் சனிக்கிழமை இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ஒழுங்கையில், ரீச்சரின் வீட்டு வளவுக்குள் இருக்கும் தகரக் கொட்டகைதான் வகுப்பு. ஆறு வாங்குகள், ஒரு கரும்பலகை, பதினான்கு பிள்ளைகள். காலை எட்டரைக்குத் தொடங்கும். ரீச்சர் ஓய்வுபெற்றவர். விளம்பரப் பலகை வைக்க விரும்பாதவர் என்பதால் நானும் பெயர் எழுதவில்லை. கிளிநொச்சியில் நாடகம் படிக்கும் பிள்ளைகளிடம் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

இந்த வகுப்பின் உயிர் விடைத்தாள் திருத்தத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கிழமையும் ஒரு வினா. கொப்பி மூடி, 35 நிமிடத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை சிவப்பு மையோடு திரும்பி வரும். நான் முதல் எழுதிய விடை இன்னமும் என்னிடம் இருக்கிறது. 'நாடகம் சடங்கிலிருந்து தோன்றியது என்பதை விளக்குக' என்பது வினா. கிரேக்கரின் டயோனிசஸ் தெய்வ விழா, முதல் நடிகர் எனப்படும் தெஸ்பிஸ் என்று இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கு இடத்தில் ஒரே கேள்வி: "இங்கே யார் நிற்கிறார்? யார் பார்க்கிறார்?"

தாளைக் கையில் தந்துவிட்டு ரீச்சர், "பிள்ளை, எந்த ஊர்?" என்று கேட்டார். ஒட்டுசுட்டான் என்றேன். "வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவதில்லையா?" அந்தக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு நாங்கள் போகாத வருடம் இல்லை. அப்படியென்றால் சொல்லு என்றார். கடலில் தீர்த்தம் எடுப்பது, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிவது, வைகாசித் திங்களில் அம்மன் வாசலில் சனம் நெருக்குவது எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னேன். "தீர்த்தம் எடுப்பவர் உங்களுக்கு நடித்துக் காட்டுகிறாரா?" என்றார். இல்லை, அவர் அம்மனுக்குச் செய்கிறார். கூடப் போகிறவர்களும் பார்வையாளர்கள் அல்லர், நேர்த்தி வைத்து நடப்பவர்கள். அதே முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடும்போது கண்ணகியாக வருபவர் ஓர் ஆண். தான் கண்ணகி இல்லை என்பது அவருக்குத் தெரியும். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர் கூத்து ஆடும் களமான களரிக்குள் வரும்போது என் அம்மம்மா கைகூப்பிவிடுவார். "இப்போது அந்த வினாவுக்கு எழுது" என்றார் ரீச்சர். சடங்கு எங்கே முடிகிறது, நாடகம் எங்கே தொடங்குகிறது, இரண்டும் எங்கே இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை என் அம்மம்மாவின் கையிலிருந்தே எழுதினேன். அதற்குப் பிறகு தெஸ்பிஸ் வந்தபோது, கூட்டுப்பாடகரிலிருந்து தனியே பிரிந்து நின்று பேசிய மனிதராக எனக்குத் தெரிந்தார்.

கிரேக்க அரங்கை முற்றத்தில் சாம்பலால் கீறினோம். நடுவில் ஓர்கெஸ்ட்ரா என்ற வட்டம், அதற்குப் பின்னால் ஸ்கீனே என்ற கட்டடம், இரண்டு பக்கமும் பரடோஸ் என்ற வழிகள். கிணற்றடி மேட்டில் நாங்கள் பார்வையாளராக உட்கார்ந்தோம். 'பார்க்கும் இடம்' என்ற பொருளுள்ள தியேட்ரன் என்ற சொல்லிலிருந்து தியேட்டர் வந்ததை அந்த மேட்டில் இருந்தே கேட்டோம். சோபோக்கிளிஸின் நாடகத்தில் அரசன் ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வது மேடையில் நடப்பதில்லை, அரண்மனைக்குள்ளிருந்து வரும் தூதன் சொல்லித்தான் தெரியும். முழங்காவில் ஊரிலிருந்து வரும் தம்பி ஒருவனை ரீச்சர் கொட்டகைக்குப் பின்னால் அனுப்பி, ஓடிவந்து அந்தச் செய்தியைச் சொல்ல வைத்தார். அவன் சொல்லி முடித்தபோது ஒருவரும் பேசவில்லை. கிரேக்க அவல நாடகத்தில் தூதன் ஏன் என்று கேட்டால் இனி நான் மனப்பாடம் செய்த வரியைத் தேட வேண்டியதில்லை.

கூத்தில் வடமோடி, தென்மோடி என்ற இரு மரபுகளின் வேறுபாட்டை அட்டவணை போட்டு எழுதுவது எல்லாருக்கும் பழக்கம். அதை இவர் முதலிலேயே நிறுத்திவிட்டார். ஓர் அரசனைக் களரிக்குள் கொண்டு வா என்பார். விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் கிரீடமுமாக அவன் வரவு எப்படி, மத்தளமும் சல்லரித் தாளமும் எங்கே, கூத்தை நடத்தும் அண்ணாவியார் எங்கே நிற்கிறார், பிற்பாட்டுக்காரர் எந்த அடியை வாங்கிப் பாடுகிறார் என்று வரிசையாக எழுத வேண்டும். அப்படி எழுதியபின், பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் இராவணேசன் போன்ற கூத்துகளை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குச் சுருக்கிக் கொண்டுவந்தபோது எது போயிற்று, எது புதிதாக வந்தது என்பதைச் சொல்லக் கை தானாக ஓடுகிறது. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956 இல் மனமே நாடகத்தை 'நாடகம' என்ற சிங்களக் கூத்து மரபிலிருந்து எடுத்துத் தந்ததையும் இதே இடத்தில் ஒப்பிட்டுக் காட்டினார். மண் சுமந்த மேனியர் என்ற நாடகம் 1985 இல் ஏன் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை அப்படி உலுக்கியது என்பதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை ஒதுக்கினார். எனக்கு அது போதவில்லை. இன்னொரு நாள் தந்திருக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நவீன மேலைத்தேய அரங்கு அவசரமாக ஓடிவிட்டது. இப்சன், ஸ்தனிஸ்லவ்ஸ்கி, பிரெக்ட் மூவரும் இரண்டே சனிக்கிழமைகளில் முடிந்தார்கள், அதுவும் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புகளாக. பிரெக்டும் கதையை எடுத்துச் சொல்லும் அரங்கைத்தான் கேட்டார்; எங்கள் கூத்தில் கதை சொல்லும் எடுத்துரைஞரை வைத்து அவரை விளக்க இவரைவிடப் பொருத்தமானவர் யார்? அதைச் செய்யாமல் விட்டது எனக்கு ஏமாற்றமே. பல்தேர்வு வினாக்களுக்கு வகுப்பில் நேரமே இல்லை. கடந்தகால வினாத்தாள்களை நானே வாங்கி இரவில் செய்தேன். கொடுக்கும் போட்டோப் பிரதிகளில் பாதி மங்கல். பரத முனிவரின் நால்வகை அபிநயப் பக்கத்தில் ஆங்கிகமும் வாசிகமும் தெரிந்தன. ஆகாரியமும் சாத்துவிகமும் இருந்த கீழ்ப்பாதி வெள்ளையாக வந்தது.

நேரம் மீறுவதுதான் எங்களைப் போலத் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய சிரமம். பன்னிரண்டரைக்கு முடிய வேண்டிய வகுப்பு சில நாள் இரண்டு மணிவரை போகும். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவுப் பஸ் பிடிக்க வேண்டிய எனக்கு இரண்டு முறை இருட்டிவிட்டது. அண்ணா மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிப் போனார். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை முதல் நாளே ரீச்சரிடம் பேசிக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்பார். நான் சொன்ன பிறகு என் விடைத்தாளை முதலில் திருத்தித் தந்து அனுப்பினார்.

அப்போது மாதம் 1,500 ரூபாய். பிரதிகளுக்குத் தனியாக 200, 300 ஆனது. எங்களில் சிலர் கட்டணம் கட்டவில்லை என்பது ஆறு மாதம் முடியும்வரை எங்களுக்குத் தெரியாது. யார் என்பது இன்றைக்கும் தெரியாது.

நவம்பர் 25 இல் தொடங்கிய பரீட்சை, மழை வெள்ளத்தால் 27 இலிருந்து நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 இல்தான் மறுபடி தொடங்கியது. எங்கள் வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கொப்பிகளைப் பரணில் ஏற்றிவிட்டோம். அந்த நாட்களில் ரீச்சர் பதினான்கு பேருக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்தார். முதலில் வீட்டில் எல்லாரும் மேட்டில் இருக்கிறீர்களா, சமைக்க விறகு இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "சரி, கொப்பி இல்லாமல் ஓர் அரசனைக் களரிக்குள் கொண்டு வா" என்றார். விளக்கு வெளிச்சத்தில், அம்மாவும் அண்ணாவும் கேட்டுக்கொண்டிருக்க, வரவிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தேன்.

இம்முறை எனக்குப் 'பி'. சுருக்கக் குறிப்பும் ஊகவினாவும் தேடுகிறவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தாது. நடிக்கத் தெரிந்தும் தாளில் எழுத வராத பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும், அதுவும் பரீட்சைக்கு ஆறு மாதமாவது இருக்கும்போது. ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து போகிறவர்கள் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இரண்டாவதில் போனால் வினாத்தாளில் பத்து நிமிடம் போய்விடும், அதை ரீச்சர் கூட்டித் தரமாட்டார்.