ஒன்பது பேர் மேசையா, ஆறு பேர் மேசையா?

செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நண்பர்கள் கூடி ஆடும் போக்கர் மேசைகள் பெரும்பாலும் ஒன்பது பேரோடு தொடங்கும். கடைசி எல்ஆர்டி ரயில் நேரம் நெருங்கினால் மூன்று பேர் எழுந்துவிடுவார்கள். மிச்சமுள்ள ஆறு பேரும் அதே ஆட்டம் தொடர்வதாகவே நினைப்பார்கள். அதுவரை நிதானமாக ஆடி வந்தவரின் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) மட்டும் சத்தமில்லாமல் கரையத் தொடங்கும். (நான் பேசுவது வெறும் சிப்ஸ் வைத்து ஆடும் மேசையை. கெந்திங் மலையைத் தவிர நம் நாட்டில் உரிமம் பெற்ற கசினோ கிடையாது.)

கரைவதற்குக் காரணம் பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்ட வேண்டிய தொகை. சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்டில் பாதி என்றால், ஒரு சுற்றுக்கு ஒவ்வொருவரும் ஒன்றரை பெரிய பிளைண்ட் கட்டுகிறார்கள். ஒன்பது பேர் இருந்தால் 100 கைக்கு (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) சுமார் 17 பெரிய பிளைண்ட் போகும். ஆறு பேர் என்றால் 25. ஏஸ், கிங் வரட்டும் என்று காத்திருப்பவருக்குக் காத்திருப்பின் விலை ஒரே இரவில் ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

அதே சமயம், ஆள் குறைவதால் எதிரில் இருப்பவர்களின் பலமும் இறங்குகிறது. குவீன் ஜோடி அல்லது அதற்கு மேலான ஜோடி, இல்லையென்றால் ஏஸ்-கிங், இவற்றில் ஒன்று மற்றவர்களில் யாரிடமாவது இருக்கும் வாய்ப்பு ஒன்பது பேர் மேசையில் ஏறத்தாழ 19 சதவீதம், ஆறு பேர் மேசையில் 12. முதல் இருக்கையில் (பிளைண்டுகளுக்கு அடுத்து, முதலில் முடிவு சொல்ல வேண்டிய இடம்) ஏஸ்-பத்து வந்தால் பெரிய மேசையில் பொதுவாக ஃபோல்ட்தான், அதாவது சீட்டை விட்டுவிடுவதுதான். சின்ன மேசையில், இரண்டும் ஒரே சின்னமாக இருந்தால், தயங்காமல் ரெய்ஸ் செய்யலாம், அதாவது பந்தயத்தை உயர்த்தலாம்.

இதைக் கேட்டதும் பலர் 'அப்படியானால் எல்லாக் கையும் ஆட வேண்டும்' என்று பாய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒன்பது பேர் மேசையில் முதல் மூவரும் ஃபோல்ட் செய்துவிட்டால் மிஞ்சுவது ஆறு பேர் ஆட்டம்தான். அந்த மூவர் வீசிய சீட்டுகளால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. அதாவது நான்காவது இருக்கை, பட்டன் (பிளைண்டுகளுக்கு முந்தைய, சீட்டுப் போடுபவரின் இடம்), பிளைண்ட் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். உங்கள் ஆட்டத்தில் உதிர்வது மிக இறுக்கமாக ஆடிய மூன்று இருக்கைகள் மட்டுமே. பெரிய மேசையின் முதல் இருக்கையில் பத்துக்கு ஒரு கை அளவில் ரெய்ஸ் செய்பவர், சின்ன மேசையின் முதல் இருக்கையில் ஆறுக்கு ஒன்று ஆடினால் போதும். பட்டனில் இரண்டு மேசையிலும் ஐந்துக்கு இரண்டு வரை ஆடலாம்.

உண்மையில் புதிதாகக் கற்க வேண்டிய இடம் பெரிய பிளைண்ட். ஒன்பது பேரில் 22 சதவீதக் கைகளை பிளைண்டில் இருந்து ஆடுகிறோம். ஆறு பேரில் 33. அங்கே நம்மைத் தாக்குபவரும் பெரும்பாலும் பட்டன்காரர், கையில் சுமாரான சீட்டோடு. அவர் இரண்டரை பெரிய பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்து, சிறிய பிளைண்ட் ஃபோல்ட் ஆனால், நாம் போட வேண்டியது இன்னும் ஒன்றரை. போட்டபின் நடுவில் ஐந்தரை இருக்கும். ஐந்தரையில் ஒன்றரை என்பது 27 சதவீதம்; அவ்வளவு வெல்லும் கையே கணக்குக்குப் போதும். ஒரே சின்னத்தில் ஒன்பது-எட்டு அதைத் தாராளமாகத் தாண்டும். ஆனால் ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) முதல் நாமே முதலில் பேச வேண்டியிருப்பதால் அந்தச் சதவீதம் முழுதாகக் கைக்கு வராது. அதனால் எல்லாவற்றையும் கால் செய்யாமல் (அதே தொகையைப் போட்டுத் தொடராமல்), நல்ல கைகளோடு சில நடுத்தரக் கைகளையும் சேர்த்துத் திருப்பி ரெய்ஸ் செய்யப் பழகுவது அவசியம்.

ஃப்ளாப்புக்குப் பிறகு, ஜோடியில்லாத கைக்கு மூன்றில் ஒருமுறைதான் ஜோடி விழும். இது இரண்டு மேசைக்கும் பொது. பெரிய மேசையில் நான்கு பேர் ஃப்ளாப் பார்க்கும்போது நடு ஜோடியை (ஃப்ளாப்பின் நடுத்தரச் சீட்டோடு சேரும் ஜோடியை) விட்டுவிடுவது பாதுகாப்பு. இருவர் மட்டும் மோதும்போது அதே நடு ஜோடி பல சமயம் வெற்றிக் கை. இறுக்கமாக ஆடிப் பழகியவர்களுக்கு இதை நம்பத்தான் நாளாகும்.

இருவர் மட்டும் ஆடிப் பழகினால் ஆறு பேர் ஆட்டம் சீக்கிரம் கைவரும் என்பாரும் உண்டு. பிளைண்ட் சண்டைக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் அங்கே ஒவ்வொரு கையும் பிளைண்ட் என்பதால் குப்பைக் கையையும் ஆடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆறு பேர் மேசைக்கு வந்து முதல் இருக்கையில் அதையே செய்தால் அடிதான். ஆறு பேர் மேசை கைவந்த பிறகு இருவர் ஆட்டத்துக்குப் போகலாம்.

பழகும் நாள்களில் பெரிய பிளைண்டில் வந்த கைகளை மட்டும் கைப்பேசியில் குறித்து வையுங்கள்: யார் எந்த இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்தார், எவ்வளவு, நீங்கள் என்ன செய்தீர்கள். முதல் இரண்டு இருக்கைக்கு எதிரான ஃபோல்ட் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பட்டனுக்கு எதிரான ஃபோல்ட்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, அந்த 27 சதவீதக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.