பனிமலையில் ராத்தங்கல்: சந்தக்பூ குடிலா, கேதார்காந்தா டென்ட்டா?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில் உத்தராகண்டில் இருக்கிற கேதார்காந்தா மலைக்குப் போனேன். போன ஜனவரியில் மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் பக்கம் இருக்கிற சந்தக்பூ. இரண்டுமே குளிர்காலத்தில் நாலைந்து நாள் மலையிலேயே நடந்து, மலையிலேயே படுத்து எழுந்து வருகிற பயணம். எங்கள் வேலூர் சத்துவாச்சாரி காலை நடைக் கூட்டத்தில் இந்த வருடம் ஆறு பேர் கிளம்புகிறார்கள். எதற்குப் போகலாம் என்று கேட்டார்கள், யோசிக்காமல் சந்தக்பூ என்றேன். அப்படிச் சொன்னதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"இதுக்கு ஏம்பா அவ்வளவு தூரம், நம்ம ஜவ்வாது மலை இல்லையா?" என்று என் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் அத்தனை பேர் இறந்த பிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் மலையேறக் கூடாது என்பது கறாரான விதி. ஏலகிரி சுவாமிமலை மாதிரி திறந்திருக்கும் பாதைகள் காலையில் ஏறி மாலைக்குள் இறங்குகிறவை. ஊருக்கு ஊர் தங்கி நாள் கணக்கில் நடக்க வேண்டுமென்றால் வடக்கே போகத்தான் வேண்டும்.

சந்தக்பூ என்ற பெயரை நான் முதலில் கேட்டதே வேலூரில்தான். பாபு ராவ் தெருவில் ஒரு டீக்கடை. மனைவியைச் சி.எம்.சி.யில் சேர்த்துவிட்டு லாட்ஜில் தங்கியிருந்த வங்காளிப் பெரியவர் ஒருவர், மருந்து பில்லின் பின்பக்கத்தில் மானேபஞ்சன், தும்லிங், காளிபோக்ரி, சந்தக்பூ என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை மணி நேர நடை என்று குறித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் எழுதிக் கொடுத்த மணிக் கணக்கு எங்கள் காலுக்கும் ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

காட்சியை வைத்து இரண்டில் ஒன்றை ஒதுக்க முடியாது. சந்தக்பூவில் நின்றால் கஞ்சன்ஜங்கா நேர் எதிரே. மேற்கே திரும்பினால் எவரெஸ்ட், லோட்சே, மக்காலு. உலகின் ஐந்து உயரமான சிகரங்களில் நான்கு ஒரே இடத்திலிருந்து தெரியும். கேதார்காந்தா உச்சியில் சுவர்காரோகிணியும் பந்தர்பூஞ்ச்சும் நெருக்கத்தில் தெரியும். உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சந்தக்பூ 3,636 மீட்டர், கேதார்காந்தா சுமார் 3,800. செலவிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

பனி வேண்டும் என்று போகிறவர்களுக்கு மட்டும் கேதார்காந்தாதான் சரி. நான் போனபோது ஜூடா கா தலாப் ஏரியைத் தாண்டியதுமே முழங்கால் வரை பனி, ஷூவுக்கு அடியில் இரும்பு முள் சங்கிலி மாட்டித்தான் ஏறினோம். சந்தக்பூவில் இரண்டு நாள் லேசாகத் தூவியதோடு சரி. பனி கனமாகக் கொட்டினால் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பகல் நடை இல்லை, ராத்திரி. கோடையில் 42 டிகிரி வெயிலில் வளர்ந்த உடம்பு நமக்கு. நடக்கும்போது குளிர் தெரியாது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும். நின்ற ஐந்தாவது நிமிடம் அந்த வியர்வையே உடம்பை உறைய வைக்கும். சாயங்காலம் ஐந்திலிருந்து மறுநாள் காலை ஆறு வரை, பதின்மூன்று மணி நேரத்தை எங்கே எப்படிக் கழிக்கிறோம் என்பதுதான் அடுத்த நாள் நடையை முடிவு செய்கிறது.

கேதார்காந்தாவில் டென்ட். ஒரு டென்ட்டில் மூன்று பேர். ராத்திரி முழுக்க மூன்று பேர் விடுகிற மூச்சு துணியின் உள்பக்கத்தில் ஈரமாகப் படிந்து, அப்படியே உறைந்துவிடும். விடியற்காலையில் யாராவது புரண்டு துணியில் இடித்தால் போதும், அரிசிமாவு உதிர்வது மாதிரி முகத்தில் கொட்டும். அது ஸ்லீப்பிங் பேக்கில் விழுந்து உருகும். முதல் ராத்திரி பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது ராத்திரி, 3,400 மீட்டர் அளவில் அடிவார முகாமில், பை ஈரமாகவே இருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் முன்பே சரியாகக் காய வைக்காத பை அது. உள்ளே அடைத்திருக்கிற இறகு ஈரமானால் சூடு நிற்காது. அன்று நான் தூங்கவில்லை. உச்சிக்குக் கிளம்ப விடியற்காலை இரண்டரை மணிக்கு எழுப்பினார்கள். ஷூ மரக்கட்டை மாதிரி விறைத்துப்போய் இருந்தது. அந்த உச்சியை நான் தொட்டேன், ஆனால் அங்கே நின்று பார்த்தது என்னவென்று இன்று கேட்டால் பாதிதான் ஞாபகம் இருக்கிறது.

சந்தக்பூ வழியில் ஒவ்வொரு ராத்திரியும் கூரைக்குக் கீழேதான். வீட்டோடு சேர்த்து நடத்துகிற சின்னத் தங்குமிடங்களும், கூர்க்காலாந்து நிர்வாகத்தின் ட்ரெக்கர்ஸ் ஹட்களும் இருக்கின்றன. அறைக்குள்ளும் குளிர்தான், சந்தேகமே வேண்டாம். பக்கெட் தண்ணீரின் மேல் காலையில் கண்ணாடி மாதிரி ஐஸ். ஆனால் மேலே போர்த்த இரண்டு கனமான ரஜாய், கீழே காய்ந்த மெத்தை. முக்கியமான இடம் சமையலறை. காளிபோக்ரியில் அடுப்புக்கு மேலே ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். எங்கள் நாலு பேர் சாக்ஸும் கையுறையும் அதில் தொங்கின. பக்கத்திலேயே கோர்த்துப் போட்ட சுர்ப்பி என்கிற காய்ந்த பாலாடைக் கட்டிகள். அந்த வீட்டு அம்மா ஒரு மூங்கில் குவளையில் தோங்பா என்கிற தானிய மதுவை ஊற வைத்துக்கொண்டிருந்தார். தானியத்தை எடுத்துப் பார்த்தால் நம் கேழ்வரகு! அவர்கள் கோதோ என்கிறார்கள். இதில் நாங்கள் களி கிண்டுவோம் என்று கையால் கிண்டிக் காட்டினேன், அவர்களும் அதே மாதிரி கிண்டிச் சாப்பிடுவதாகச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை காய்ந்த சாக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன். 3,000 மீட்டருக்கு மேலே காய்ந்த சாக்ஸ் என்பது சாதாரண விஷயம் இல்லை.

கூரை இருப்பதால் முதுகுச் சுமையும் குறைகிறது. டென்ட், அடுப்பு, பாத்திரம், மூன்று நாள் சாப்பாடு எதுவும் வேண்டாம். கேதார்காந்தாவில் அதையெல்லாம் கோவேறு கழுதையில் ஏற்றிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது கூட்டத்தோடு, அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போகிற பயணம். சந்தக்பூவில் வழிகாட்டி கட்டாயம், அவரோடு நம் வேகத்தில் நடக்கலாம். கால் வலித்தால் ஒரு கிராமம் முன்னாடியே தங்கிவிடலாம்.

உயரத்தைப் பழக்குவதும் இதோடு சேர்ந்தது. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கிற இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. தும்லிங் 2,900 சொச்சம், காளிபோக்ரி 3,100 சொச்சம், அப்புறம் சந்தக்பூ. ஊர்கள் இருக்கிற இடமே கணக்கைச் சரியாக வைத்துக்கொள்கிறது. என் மச்சானுக்குக் காளிபோக்ரியில் தலைவலி வந்தது. ஒரு நாள் கூடுதலாக அங்கேயே தங்கினோம், சரியாகிவிட்டது. சரியாகாமல் போயிருந்தால் ஜீப்பில் இறக்கியிருக்கலாம். சந்தக்பூ வரை வண்டிப் பாதை இருக்கிறது. கேதார்காந்தா முகாமிலிருந்து நடந்துதான் இறங்க வேண்டும், அல்லது யாராவது தூக்கிக்கொண்டு இறக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு பேர் இருக்கிற கூட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த வண்டிப் பாதைதான் சந்தக்பூவின் குறையும். பகலில் பல இடங்களில் ஜீப் சத்தமும் புழுதியும் கூடவே வரும். தனிமையைத் தேடுகிறவருக்கு முதல் இரண்டு நாள் ஏமாற்றம்தான். சந்தக்பூ தாண்டி ஃபாலுட் வரை 21 கிலோமீட்டர் முகட்டு நடை. அங்கேதான் அமைதி என்கிறார்கள். மச்சானுக்காக ஒரு நாள் போய்விட்டதால் நாங்கள் குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கிவிட்டோம், அதனால் ஃபாலுட் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. குர்தும் இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும், கைத்தடி கட்டாயம்.

கிளம்புகிற ஆறு பேருக்கும் சில விஷயங்கள். அங்கே டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். காலை ஏழரைக்கு நடக்க ஆரம்பித்தால் மூன்று மணிக்குள் அடுத்த ஊரில் இருக்க வேண்டும். குளிர் தாங்காமல் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. புகையே தெரியாமல் ஆளைக் கொல்லும். தூங்கும் சட்டை தனி, நடக்கும் சட்டை தனி. செல்போனையும் பேட்டரியையும் ரஜாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். நேபாள எல்லையை ஒட்டிய பாதை, சோதனைச் சாவடிகள் உண்டு, அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும். பயிற்சிக்கு வள்ளிமலைப் படி போதும், ஆனால் முதுகில் எட்டுக் கிலோ வைத்து ஏறுங்கள். ஒரு மார்கழி ராத்திரி ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் தங்கிப் பாருங்கள். அங்கேயே நடுங்கினால் துணி போதாது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் கொல்கத்தாவே அங்கே இருக்கும், குடிலில் இடம் கிடைக்காது. பொங்கல் முடிந்து போங்கள். காட்பாடியில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஏறக்குறைய இரண்டு நாளில் நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து மானேபஞ்சன் ஜீப்பில் நாலு மணி நேரம். சிகிச்சைக்கு வந்து திரும்புகிறவர்களால் அந்த வண்டி எப்போதும் நிரம்பி வழியும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள். நானும் ஒரு டிக்கெட் போடுகிறேன், ஃபாலுட் பாக்கி இருக்கிறது.