பல் காப்பீட்டில் கட்டும் 100 டாலர்: பல்லுக்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறுவனங்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது. வசூலிக்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 விழுக்காடு சிகிச்சைக்குப் போக வேண்டும். குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். தனியாக விற்கப்படும் பல் காப்பீட்டுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. வாயும் உடம்பில்தான் இருக்கிறது என்பதைச் சட்டம் மறந்துவிட்டது போலும்.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு மாநிலங்கள் இரண்டு வழியில் போயின.

கலிபோர்னியா 2014-இல் இயற்றிய சட்டம் கணக்கைக் காட்டச் சொன்னது, அவ்வளவுதான். வசூல் எவ்வளவு, சிகிச்சைக்குப் போனது எவ்வளவு என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பலருக்குப் பல் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம். அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போன ஊழியர் என்னதான் செய்துவிட முடியும்?

மாசசூசெட்ஸ் கறாராக நடந்துகொண்டது. 2022 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு. பத்தில் ஏழு பேர் ஆதரவு. 2024 ஜனவரி 1 முதல் 83 விழுக்காடு சிகிச்சைக்கு, குறைந்தால் பணம் வாபஸ்.

காப்பீட்டு நிறுவனங்களின் எதிர்வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஒரு பேச்சுக்கு, மாதம் 600 டாலர் மருத்துவக் காப்பீட்டில் 15 விழுக்காடு என்றால் நிறுவனத்துக்கு 90 டாலர் நிற்கும். மாதம் 30 டாலர் பல் காப்பீட்டில் 17 விழுக்காடு என்றால் 5 டாலர் 10 சென்ட். பில்லைச் சரிபார்க்கும் குமாஸ்தாவின் சம்பளம் மட்டும் அதற்கேற்பச் சுருங்குமா? சிறு நிறுவனங்கள் கடையைக் கட்டும், பிரீமியம் ஏறும் என்பது அவர்கள் எச்சரிக்கை. ஏற்றத்துக்கும் மாசசூசெட்ஸ் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: அளவு மீறிய உயர்வை மாநிலக் காப்பீட்டு ஆணையர் மறுக்கலாம்.

மறுபக்கத்தையும் புனிதர்களாக்க வேண்டாம். இந்தச் சட்டத்துக்காகப் பெரும்பணம் கொடுத்தது அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம். 'சிகிச்சைக்கு' என்று ஒதுக்கப்படும் 83 போய்ச் சேருவது மருத்துவரின் கல்லாவில்தானே!

இருந்தும் என் ஓட்டு மாசசூசெட்ஸுக்கே. அறிக்கையைக் காட்டி யாரும் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது. சட்டம் சொன்ன வரம்பைக் காட்டி வாங்கலாம். குறை இல்லாமல் இல்லை. ஊழியர்களின் பில்லைத் தாமே ஏற்கும் பெரிய நிறுவனங்களின் திட்டங்கள் 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், மாநிலத்தின் கை அங்கே எட்டாது.

நோயாளியை நேராகச் சுடுகிற ஒன்றை இரண்டு மாநிலங்களுமே தொடவில்லை. பெரும்பாலான திட்டங்கள் ஆண்டுக்கு 1000 முதல் 2000 டாலர் வரைதான் தரும். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, மேலே கிரவுன் என்கிற உறை வைத்தால் அந்த ஆண்டுக்கான தொகை ஏறக்குறையக் காலி.