செகண்ட்ஸ் கட்டிங்கா, புது பேனலா, இழுத்து நிமிர்த்துவதா?

முன்பக்கம் இடிபட்ட ஒரு ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். பானட், பம்பரோடு நிற்காமல் எஞ்சினுக்கு இருபுறமும் இருக்கும் உள்தகடான ஏப்ரனும், முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டமான லாங் மெம்பரும் மடங்கிவிட்டன. பட்டறையில் மூன்று வழி சொல்வார்கள்: இழுத்து நிமிர்த்தலாம், கம்பெனி பேனல் வாங்கலாம், இல்லையென்றால் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் கட்டிங், அதாவது வேறொரு வண்டியிலிருந்து வெட்டி எடுத்த பகுதி, வாங்கலாம்.

கதவு, பானட், ஃபெண்டர் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. ஓரத்தில் துரு இல்லாமல், இடைவெளி சீராக உட்கார்ந்தால் செகண்ட்ஸே தாராளமாகப் போதும். வெல்டில் நிற்கும் பாகங்களுக்குத்தான் இவ்வளவு யோசனையும். மோதலில் உள்ளே இருப்பவர்களைக் காப்பவை அவைதான்.

இழுத்து நிமிர்த்துவதுதான் செலவு குறைந்த வழி. லேசான வளைவாக இருந்து, வண்டியைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டமான பெஞ்சில் கட்டி அளந்து இழுத்தால் தவறில்லை. ஆனால் லாங் மெம்பரில் விட்டிருக்கும் மடிப்பு வரிகள், மோதும்போது சுருங்கி அடியை வாங்குவதற்காகவே வைத்தவை. ஒருமுறை சுருங்கிய இடத்தைத் தட்டி நிமிர்த்தினால், அடுத்த மோதலில் அது எப்படி மடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேஸ் வைத்துச் சூடுகாட்டி நிமிர்த்துவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். புதிய கார்களில் கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்களில் வரும், மிக வலுவான போரான் ஸ்டீல் 1,500 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை தாங்கும். சூடுபட்டால் அந்த வலு போய்விடும், கண்ணுக்கும் தெரியாது.

புது பேனலில் பொருத்தம் பற்றிய கவலை குறைவு. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான பாக எண் வந்துவிடும். விலைதான் இடிக்கும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இரும்புப் பாகங்களுக்கு 5 வருடம் தாண்டிய வண்டி என்றால் 40 சதவீதமும், 10 வருடம் தாண்டினால் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். பழைய வண்டிக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நல்ல கட்டிங்கில் ஏப்ரன், லாங் மெம்பர், பிராக்கெட் எல்லாம் தொழிற்சாலை வெல்டோடு ஒரே துண்டாக வரும். தனித்தனிப் பேனல்களைச் சுமாரான பட்டறையில் சேர்ப்பதைவிட அது மேல்.

ஆனால் அந்தக் கட்டிங் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா? "ஸ்விஃப்ட் தான் சார், அப்படியே உட்காரும்" என்ற பேச்சு போதாது. 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறை ஸ்விஃப்ட்கள் வந்துள்ளன. பெயர்தான் ஒன்று, உடல் வேறு. 2008-இல் வந்த முதல் டிசையர், ஸ்விஃப்ட்டுக்கு டிக்கி வைத்த வண்டி. அதனால் முன்பக்கம் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம், பின்சக்கரத்தை ஒட்டிய பக்கத் தகடான பின் குவார்ட்டர் ஒத்துப்போகாது. எந்த கம்பெனி வண்டியானாலும் ஆண்டையும் பார்க்க வேண்டும். விற்பனையில் இருந்த பழைய மாடல்களும் 2019 அக்டோபர் முதல் மோதல் சோதனை விதிகளுக்கு உட்பட வேண்டியிருந்தது. எனவே வெளியே ஒரே முகம் என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் வந்த வண்டிகளில் உள்தகடு மாறியிருக்கலாம். பெட்ரோல், டீசல் வித்தியாசமும் உண்டு. எஞ்சின் மவுண்ட், பேட்டரி தட்டு, ஏர்பேக் சென்சார் ஆகியவற்றின் துளைகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

நான் நம்பும் சோதனை ஒன்றுதான். கட்டிங் வந்த வண்டியின் சேசிஸ் நம்பரைக் கேட்டு, இரண்டு வண்டிக்கும் பாக எண் எடுத்துப் பாருங்கள். எண் ஒன்றானால் பாகம் ஒன்று. நம்பர் தரத் தயங்கும் கடையில், வெல்டில் நிற்கும் ஸ்ட்ரக்சர் பாகம் வாங்காதீர்கள். சேசிஸ் நம்பர் பொறித்த தகடே கட்டிங்கில் இருந்தால், எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். உங்கள் வண்டியில் வேறொரு வண்டியின் நம்பர் ஏறினால் ஆர்டிஓவிலும் போலீஸிலும் பதில் சொல்லி மாளாது.

எண் பொருந்திய பிறகு, அந்த வண்டி எங்கே அடிபட்டது என்று கேளுங்கள். முன்பக்கம் வேண்டுமென்றால் பின்னால் இடிபட்ட வண்டி நல்லது. மூட்டுகளில் சீலன்ட் வெடித்திருக்கிறதா, காந்தம் ஒட்டாமல் பட்டி பூசியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டியின் கட்டிங் வெளியே பளிச்சென்று இருந்தாலும் பெட்டி போன்ற உள்பகுதி அரித்திருக்கும். துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டியது கேஸிலா கிரைண்டரிலா என்பதும் முக்கியம். கிரைண்டரில், தொழிற்சாலை மூட்டுக்கு வெளியே ஒரு கை அகலமாவது விட்டு வெட்டியிருக்க வேண்டும்.

என் தேர்வு பாகத்துக்குப் பாகம் மாறும். பழைய வண்டியின் ஏப்ரனுக்கும் லாங் மெம்பருக்கும், பாக எண் ஒத்த செகண்ட்ஸ் கட்டிங். ஐந்து வயதுக்குள் இருக்கும், இன்சூரன்ஸ் உள்ள வண்டிக்குப் புது பேனல். நடு பில்லருக்கு எந்த வயது வண்டியானாலும் புதிதுதான். கட்டிங் வாங்குபவர்கள் ஒன்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: கிளாம்ப் போட்டு நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்கு அளவு பிடித்து, பானட்டும் ஹெட்லைட்டும் மாட்டிப் பார்த்த பிறகுதான் வெல்ட் வைக்க வேண்டும். அதுவரை திருப்பித் தரலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.